புல்லில் மஞ்சளாய்த் தெரிந்த பாதங்கள்

என் மகள் உலகத்தை வாயால்தான் தெரிந்துகொண்டாள். ஒன்றேகால் வயதில் அவளுடைய கண்ணும் கையும் வெறும் எடுபிடிகள். கண் ஒரு பொருளைக் காட்டிக்கொடுக்கும், கை அதைக் கொண்டுவந்து சேர்க்கும், தீர்ப்புச் சொல்வது வாய். டிவி ரிமோட், ஈரத் துண்டு, என் கம்பெனி அடையாள அட்டை, பக்கத்து வீட்டு நாயின் காது என்று எதுவும் அந்த நீதிமன்றத்தில் ஏறி இறங்காமல் தப்பவில்லை. எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது அவளுடைய கால். வலது காலைத் தூக்கிக் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, பெரிய மனுஷி போல யோசனையில் ஆழ்ந்துவிடுவாள்.

அதை முதல் தடவை பார்த்தபோது வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் உடம்பு இவ்வளவு சுலபமாக வளையுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நானும் முயன்று பார்த்தேன். கால் மார்பு வரைகூட வரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். "ஷிப்டுக்கு லீவு சொல்லிடட்டுமா?" என்று என் மனைவி சிரித்தாள்.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பெயின்ட்டுக்கான சரக்கு கலக்கிற ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். வீடு வேப்பம்பட்டில். மனைவிக்குச் சென்னையில் வேலை, தினமும் ரயில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எனக்கு ராத்திரி ஷிப்டு வருகிற வாரங்களில், கம்பெனி பஸ் பெரியபாளையம், வெங்கல் என்று சுற்றிக்கொண்டு வந்து காலையில் எங்கள் லேஅவுட் வாசலில் என்னை இறக்கிவிடும். வாசலை ஒட்டியே பூங்கா. மனைவி அங்கே கைப்பையும் குழந்தையுமாகத் தயாராக நிற்பாள். குழந்தை கை மாறும், அவள் ஸ்டேஷனுக்கு ஓடுவாள். பகலில் மகள் தூங்கும்போது நானும் தூங்குவேன். அவள் விழித்தால் எனக்கும் பொழுது விடிந்துவிடும்.

எங்கள் கம்பெனியில் சில சட்டங்கள் உண்டு. போட்ட உடுப்பு வீட்டுக்குப் போகக்கூடாது. ஷூ லாக்கரைத் தாண்டக்கூடாது. டீ குடிப்பதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். குளிக்காமல் பஸ் ஏறினால் சூப்பர்வைசர் இறக்கிவிடுவார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் சுபாவம். சேர்ந்த புதிதில் இதற்கெல்லாம் முணுமுணுத்திருக்கிறேன். போகப் போகப் பழகிவிட்டது. கம்பெனிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது மருந்து, இந்தப் பக்கம் இருப்பது வாழ்க்கை என்று மனதில் ஒரு கோடு விழுந்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் நிம்மதி.

அந்த நிம்மதியின் உச்சம் எங்கள் பூங்காவின் புல்தரை. அது வந்து இறங்கிய நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோரைப்பாயைச் சுருட்டுவதுபோல் புல்லை மண்ணோடு சுருட்டி லாரியில் கொண்டுவந்தார்கள். காலையில் செம்மண்ணாகக் கிடந்த இடம் சாயங்காலம் பச்சையாக இருந்தது. லேஅவுட்டே கூடி நின்று வாயைப் பிளந்தது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் என்னை ஆளாக்கிய என் நைனா ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, "புல்லுக்குப் போயி டப்பு குட்த்து, தண்ணி உட்டு வளக்கிறீங்களாடா?" என்று கேட்டு, அன்று முழுவதும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

பூங்காவின் மூலையில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு பிள்ளையார். மனை போடுவதற்கு முன்பிருந்தே அவர் அங்கே இருக்கிறார். அதனால் பூங்காவுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. கேட்டருகில் 'புல்லின் மேல் நடக்காதீர்கள்' என்று அசோசியேஷன் ஒரு போர்டு நட்டிருந்தது. அந்தப் போர்டின் காலடியில்தான் எல்லாரும் செருப்பைக் கழற்றி விடுவார்கள். விட்டுவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடப்பார்கள். சாமி இருக்கிற இடத்துக்கு மரியாதை, காலுக்கும் சுகம். போர்டு ஒரு செருப்பு ஸ்டாண்டாக நல்லபடியாகச் சேவை செய்துகொண்டிருந்தது.

அழகாக வெட்டிவைத்த அந்தப் புல்லுக்குள் அருகம்புல் நுழைந்ததில் ஆரம்பித்தது எல்லாம். அருகுக்கு அழைப்பிதழ் தேவையில்லை. மண்ணுக்கடியில் ஒரு முடிச்சு கிடந்தால் போதும், ஊரைப் பிடித்துவிடும். இரண்டு மழை முடிந்ததும் அங்கங்கே அருகு தலையைத் தூக்க, எங்கள் அசோசியேஷன் செக்ரெட்டரிக்குத் தூக்கம் போயிற்று. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவை ஒட்டியே வீடு, பூங்காவுக்குள் திறக்கிற ஒரு பக்கவாசலும் உண்டு. விழுந்த சருகைக்கூடக் குனிந்து எடுக்கிற மனிதர். புல்தரை மேல் அவருக்கு இருந்த பாசத்தைச் சொந்தப் பிள்ளைகள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள்.

அவருக்கு எதிர்க்கட்சி, எங்கள் எதிர்வீட்டு அம்மா. வெள்ளிக்கிழமையும் சதுர்த்தியும் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டுகிறவர். பைசா செலவில்லாமல் பத்தடியில் அருகு கிடைக்கிற பாக்கியத்தை விட அவர் தயாராக இல்லை.

"அருகு இன்னா உன்ன கட்சிச்சா? சாமிக்கு ஆவுற புல்லு அது" என்பார்.

"சாமிக்கு வோணும்னா தொட்டியில வளத்துக்க. இது லானு" என்பார் அவர்.

இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. நாங்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தோம். கடைசியில், அருகு இருக்கிற இடங்களில் மட்டும் களைக்கொல்லி அடிப்பது, முதல் தடவை அடித்து ஒரு பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அடிப்பது என்று அசோசியேஷன் முடிவு செய்தது. என்றைக்கு என்பதைச் செக்ரெட்டரி முந்தைய நாள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாராம். போட்டிருப்பார். ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கங்களுக்கும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற விசாரணைகளுக்கும் நடுவே அது எங்கேயோ மேலே போய்விட்டது. நாங்கள் பார்க்கவில்லை.

அது தை மாதம். பனி அதிகம். ராத்திரி ஷிப்டு முடிந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெயில் இன்னும் மரங்களுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. புல்தரை முழுவதும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பூங்காவின் அந்தக் கோடியில், சிமென்ட் பெஞ்சு பக்கம், மனைவி குழந்தையை நிற்க வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை மகள் ஒன்றிரண்டு அடி வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். அதற்கு மேல் நடந்ததில்லை.

நான் போர்டின் கீழே செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் கையை உதறினாள். நடக்க ஆரம்பித்தாள்.

அந்த நடையை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பனியின் குளிர்ச்சி உள்ளங்காலில் கூசியதால் ஒவ்வோர் அடிக்கும் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகி முகவாயில் தொங்கியது. நடுவில் ஓரிடத்தில் நின்று, விழப்போகிறவளைப் போல ஆடி, பிறகு தானே சரிசெய்துகொண்டு மறுபடி வந்தாள். நான் அசைந்தால் அது கலைந்துவிடும் என்று பயந்து மண்டியிட்டு அப்படியே இருந்தேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நைனா, நைனா" என்று சொல்லிக்கொண்டே வந்து அவள் என் மார்பில் மோதினாள். ராத்திரி முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்ற உடம்பு என்னுடையது; அந்த மோதலில் களைப்பெல்லாம் போய்விட்டது. நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அவளைத் தூக்கி, அந்த இரண்டு பாதங்களையும் முத்தமிட்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தன. உதட்டில் லேசாக ஒரு கசப்புத் தட்டியது. புல்லின் கசப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"வீடியோ எடுக்கலியே, ச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே மனைவி ஓடி வந்தாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மா பூக்கூடையோடு கேட்டுக்கு வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னா தம்பி, கொயந்தைய அங்கியா உட்ட? இப்பதான அவன் மருந்து அட்ச்சிட்டுப் போனான். பிள்ளையாராண்ட மட்டும் உட்ருன்னு நான் நின்னு சொல்லிட்டு வந்தனே."

நான் அவரைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவள் வழக்கப்படி வலது காலைத் தூக்கிக் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு யோசனையில் இருந்தாள்.

பூங்காவில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அங்கே எப்படிப் போனேன் என்று தெரியாது. கம்பெனியில் வருடா வருடம் நடக்கிற ஒத்திகை அது. தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீர், நிறையத் தண்ணீர், சோப்பு. தை மாதக் குளிரில் குழந்தை வீறிட்டாள். நான் விடவில்லை. மனைவி ஈரத் துணியால் அவள் வாயை உள்ளே, ஈறு வரை துடைத்துத் துடைத்து எடுத்தாள். அம்மாவின் விரலையே குழந்தை கடித்தது. சத்தம் கேட்டு நாலைந்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

"உப்புத் தண்ணி குட்த்து வாந்தி எடுக்க வை" என்றார் ஒருவர். யாரோ ஏற்கெனவே டம்ளரோடு வந்திருந்தார்.

"அதெல்லாம் குடுக்கக்கூடாதுங்க" என்றேன்.

"எங்கூட்ல எலி மருந்துக்கே அதான் குட்த்தோம்."

நான் போட்ட சத்தத்தில் டம்ளரோடு நின்றவர் இரண்டடி பின்னால் போனார். உள்ளே போனது என்ன என்று தெரியாமல் வாந்தி எடுக்க வைத்தால், இறங்கியது ஏறும்போது இன்னொரு தரம் கெடுக்கும், மூச்சுக்குழலுக்குள்ளும் போய்விடலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை நிதானமாகச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. டம்ளரைத் தட்டிவிடுகிற கோபம்தான் வந்தது. அவர் நல்ல மனதோடுதான் வந்தார்.

செக்ரெட்டரியும் வந்தார். "லேசான மருந்துதாம்பா. குரூப்ல போட்டனே, நீ பாக்கலியா? நடக்காதீங்கன்னு போர்டும் வெச்சிக்கீதே" என்றார். அவரும் வெறுங்காலோடுதான் நின்றார். அவரிடம் நம்பர் வாங்கி, மருந்து அடித்தவருக்குப் போன் போட்டு, டப்பாவின் மேல் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த மட்டும் நல்ல மனிதர், உடனே அனுப்பினார். பொடி எழுத்தில், தெளித்தது காயும் வரை குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடக்கூடாது என்று போட்டிருந்தது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் ஒரே வரியில் இருந்தார்கள். புல் மேயும் வாய்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். பனி விழுந்த புல் எங்கே காயும்?

அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருவள்ளூருக்குப் போனோம். குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். மகளின் கண், வாய், நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தார். மகள் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். டாக்டர் அதைப் பிடுங்கவில்லை. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

"கழுவுனது நல்லது. வாந்தி எடுக்க வைக்காதது ரொம்ப நல்லது. படத்தக் கொண்டாந்தது அத விட நல்லது" என்றார். பிறகு சொன்னார்: "உங்க கால்ல பட்டா அது ஒரு துளி. இவ உடம்பு எவ்ளோ இருக்குன்னு பாருங்க. அதே துளி இவளுக்குப் பெருசு. தோலும் மெல்லிசு. கை எப்பவும் வாய்லதான் இருக்கும். அதனாலதான் பயப்படறோம். போனது கொஞ்சமாத்தான் இருக்கும்போல. இன்னிக்கு இங்கயே பக்கத்துல இருங்க. வாந்தி, பேதி, தோல்ல தடிப்பு, எச்சில் அதிகமா ஒழுகறது, இதெல்லாம் இருந்தா உடனே வாங்க."

வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்தோம். மனைவி என்னைப் பார்த்தாள்.

"எச்சி ஒழுகினா வரச் சொல்றாங்க. இவளுக்குப் பல்லு மொளைக்குது. பொறந்ததுலேர்ந்து ஒழுகிக்கினுதான கீது?"

அதைக் கேட்டு இருவரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குப் பகல் முழுவதும் எங்களுக்கு இருந்த ஒரே வேலை, மகளின் முகவாயில் தொங்கிய எச்சிலை அளவெடுப்பது. இது நேற்று ஒழுகிய எச்சிலா, இன்றைக்கு ஒழுகுகிற எச்சிலா? காலையில் நான் எதைப் பார்த்து உருகினேனோ அதையே பார்த்து இப்போது நடுங்கினேன். என் உதட்டிலும் அந்தக் கசப்பு இருந்துகொண்டே இருந்தது. உண்மையாகவே இருந்ததா, பயத்தில் இருந்ததா, தெரியாது. டாக்டரிடம் மெல்லச் சொன்னேன். அவர் என்னையும் வாய் கொப்பளிக்க வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆவாது, தைரியமா இருங்க" என்றார்.

மகள் என் மடியில் தூங்கினாள். அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன உடம்பு யாரும் சொல்லித் தராமல் மூச்சை இழுக்கிறது, விடுகிறது, உள்ளே வந்ததை எல்லாம் தானே பிரித்துத் தள்ளுகிறது. கம்பெனியில் அதே வேலைக்கு எத்தனை பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. பிற்பகலில் அவள் எழுந்து "பிக்கி" என்று பிஸ்கெட் கேட்டாள். டாக்டர் இன்னொரு தரம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்தடுத்த நாட்களிலும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றி சொல்ல வேண்டிய எல்லாருக்கும் நன்றி சொன்னேன். பிறகு செக்ரெட்டரியிடம் போய், இரண்டாவது தடவை மருந்து வேண்டாம் என்றேன்.

"டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அப்புறம் இன்னாப்பா? பாதில நிறுத்தினா மருந்து அட்ச்சதே வேஸ்ட்டு" என்றார்.

குரூப்பிலும் கேட்டேன். "அன்னிக்கு என் பையனும்தான் வெளாண்டான், ஜோராத்தான் கீறான்" என்று ஒருவர் போட்டார். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பலர். பெற்றவர்கள் பலருக்கும் தங்கள் குழந்தை அந்தக் காலையில் புல்லில் இருந்ததா இல்லையா என்பதே ஞாபகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது? அடித்த இடமும் அடிக்காத இடமும் ஒரே பச்சையாக இருந்தன. அருகுகூட வாடவில்லை. "மருந்தே டூப்பு போலக்கீது" என்று எதிர்வீட்டு அம்மா சந்தோஷப்பட்டார். செக்ரெட்டரி இரண்டாவது தடவைக்கு நாள் குறித்துவிட்டார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மகளை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். அப்புறம் எத்தனை தடவை, எத்தனை நாள் ஒளித்து வைப்பது என்றும் பேசிக்கொண்டோம். அவள் அப்போது நன்றாக நடக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் விழித்ததும் வாசல் கதவைத் தட்டி, பூங்காவைக் கைகாட்டுவாள்.

ஒரு வாரம் தாண்டியதும் அருகு இருந்த இடங்களில் நிறம் இறங்கத் தொடங்கியது. அந்த மருந்து அப்படித்தான் வேலை செய்யுமாம். இலையில் பட்டு, இறங்கி, வேர் வரைக்கும் போய், அங்கிருந்து கொன்றுகொண்டு மேலே வருமாம். இத்தனை நாளும் பச்சையாகத் தெரிந்தது உயிரோடு இருந்த புல் அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெஞ்சின் பக்கத்தில் பாய் அகலத்துக்கு மஞ்சள். ஊஞ்சலுக்கு அப்பால் கொஞ்சம். ஓரத்தில் கொஞ்சம்.

பெஞ்சிலிருந்து கேட்டை நோக்கி, அந்த மஞ்சளிலிருந்து கிளம்பி, சின்னச் சின்னதாக ஏதோ போவதுபோல் முதலில் எனக்கு மட்டும் தெரிந்தது. தூக்கம் இல்லாத கண் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சாய்ந்த வெயிலில் அவள் வெகுநேரம் பார்த்தாள்.

அவை பாதங்கள். மருந்தில் மிதித்த ஈரக் கால், மருந்து படாத புல்லில் அடுத்தடுத்து ஒற்றி எடுத்தவை. என் உள்ளங்கை அளவு இருக்கும். குதிகால் தனியாக, விரல்கள் தனியாக, பச்சைப் புல்லில் மஞ்சளாகச் செத்துப்போய்க் கிடந்தன. முதல் சில பாதங்களில் விரல்களைக்கூட எண்ணிவிடலாம்போல் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் இரண்டு பாதங்கள் சேர்ந்து, குழம்பி, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அவள் ஆடி நின்ற இடம் அது. அங்கிருந்து போகப் போக மங்கி, கடைசியில் ஒரு குதிகால் அளவு மஞ்சள் மட்டும் தெரிந்து, நான் மண்டியிட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இல்லாமலே போயிற்று.

"வீடியோ எடுக்கலியேன்னு சொன்னேன்" என்றாள் மனைவி.

நாங்கள் எடுக்கத் தவறியதைப் புல் எடுத்து வைத்திருந்தது. என் மகள் முதன்முதலாக உலகத்தில் நடந்த நடை, கடைசி ஓரிரண்டு அடி தவிர, அங்கே இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்தது பயமா, பரவசமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதையும் விட்டுவைக்காத மருந்து, எதையும் மறைக்கவும் தெரியாத மருந்து.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மருந்து அடிப்பவர் முதுகில் டாங்க், காலில் ரப்பர் பூட்ஸ் சகிதம் வந்துவிட்டார். செக்ரெட்டரி பக்கவாசலைத் திறந்துகொண்டு வந்தார். எதிர்வீட்டு அம்மா அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன். என்னென்ன பேசுவது என்று ராத்திரியே நினைத்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

"இது இன்னாது, கிருஷ்ண ஜெயந்திக்குப் போட்ட பாதமாட்டம்?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு தரம் கண் பழகியதும் வேறு பாதங்களும் தெரிய ஆரம்பித்தன. ஓரத்து மஞ்சளிலிருந்து ஊஞ்சல் வரை, ஓடினதுபோல் விரல் மட்டும் பதிந்து ஒரு வரிசை. மருந்து அடித்த அன்று காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் விளையாடிய பிள்ளைகள். குரூப்பில் 'ஜோராத்தான் கீறான்' என்று போட்டவரின் மனைவி அந்த வரிசைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு பாதத்தின் மேல் தன் கையை வைத்து அளந்தார். "எம்புள்ளதுதான். சுண்டுவெரலு இப்பிடித்தான் ஒதுங்கிக் கீது" என்றார், யாரிடம் என்றில்லாமல். ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். கோவிலுக்குப் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த எங்கள் மரியாதை அத்தனையும் அங்கே புல்லில் கிடந்தது. வீட்டுக்குள் செருப்பை விடாத ஜனம் நாங்கள். மருந்து அடித்த அன்றைக்கு எங்கள் செருப்புகள் எல்லாம் போர்டின் கீழே சுத்தமாக இருந்திருக்கின்றன.

பெரிய பாதங்களும் இருந்தன. பெஞ்சு மஞ்சளிலிருந்து கிளம்பிய ஒன்றில் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டு நன்றாக விலகி இருந்தது. அது நேராக, அவசரமில்லாமல், பூங்காவின் பக்கவாசலை நோக்கிப் போயிற்று. செக்ரெட்டரி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

அவர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கவாசலுக்கு அந்தப் பக்கம் கூடம். கூடத்தில் பாய் போட்டு, இன்னும் குப்புறக்கூட விழாத பேரக்குழந்தையைப் படுக்க வைத்திருப்பார்கள். மருந்து அடித்து முடித்ததும் அவர் எங்கே போயிருப்பார், யாரைக் கொஞ்சியிருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பாதமும் போகப் போக மங்கியது. ஆனால் வாசற்படி வரை மங்கலாகவேனும் இருந்தது. அதற்கு அப்பால் சிமென்ட். சிமென்ட்டில் எதுவும் தெரியாது.

"கொயந்த நல்லாத்தான கீது?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். அவர் குரலில் பழைய வழக்கு எதுவும் இல்லை.

"நல்லாக் கீது" என்றார் செக்ரெட்டரி. இன்னொரு தரமும் "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு, டாங்க்கோடு காத்திருந்தவரைப் பார்த்து, "நீ எடுத்துக்கினு போப்பா. வாணாம்" என்றார்.

"அருகு மறுபடி வந்துரும் சார். வேருல உயிரு இருக்கும்."

"வரட்டும்."

அவர் பக்கவாசல் வழியாகப் போகவில்லை. பூங்காவைச் சுற்றிக்கொண்டு, ரோடு வழியாகத் தன் வீட்டுக்குப் போய், வாசல் குழாயைத் திறந்து வெகுநேரம் கால் கழுவினார். இப்போது காலில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

மகள் என் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தச் சின்னப் பாதங்கள் அவள் கண்ணில் பட்டுவிட்டன. "பாப்பா" என்று கைகாட்டினாள். "நைனா, பாப்பா." யாரோ ஒரு பாப்பா அங்கே நடந்து போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அதன் பின்னாலேயே போக வேண்டும். இறங்குவதற்கு உடம்பை வளைத்தாள், என் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். மருந்து அடித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது, இப்போது இறக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். என்னால் இறக்கிவிட முடியவில்லை. அவளுடைய இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தன.